ஜன்னல் பலகையில் இரண்டு தட்டு

இது நடந்தது. தேதியும் நேரமும் என் நோட்டில் இருக்கின்றன. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. எனக்கே சில வரிகளில் சந்தேகம் உண்டு. அந்த இடங்களில் சந்தேகம் என்றே எழுதிவிடுகிறேன். நள்ளிரவு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. மாலை ஆறு ஐம்பதுக்குத் தொடங்கி ஏழு ஐம்பத்திரண்டுக்கு முடிந்துவிட்டது. மொத்தம் ஒரு மணி நேரம் இரண்டு நிமிடம்.

பகலில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பது என் வேலை. இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் அவர்களுக்குத் தலைவலி. எனக்குத் திட்டு. செவ்வாய், வியாழன் மாலைகளில் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லி, அதைப் பதிவு செய்து, எங்களுக்கே போட்டுக் காட்டுவார் ஆசிரியை. என் குரலை முதல் தடவை கேட்டபோது யாரோ ஒருத்தி என் வரிகளைத் திருடி வாசிப்பது போல இருந்தது. நம் குரல் நமக்கு உள்ளேயிருந்து கேட்கிறது, வெளியில் இருப்பவர்களுக்கு அது வேறு குரல் என்று ஆசிரியை சொன்னார். அன்றிலிருந்து ஒலிப்பதிவு ஓடும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு பழக்கம். ஒரு வரி எழுதி முடித்ததும் பென்சிலின் பின்பக்கத்தால் மேஜையில் இரண்டு தடவை தட்டுவேன். பள்ளியில் இருந்தே அப்படித்தான். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் மரங்கொத்தி.

அக்காவின் வீடு ஒரு பழைய சுங்கச்சாவடி. ஊரை விட்டு வெளியே போகும் பழைய சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சாலைக்குக் குறுக்கே மரம் போட்டு வண்டிகளை நிறுத்தி வரி வாங்கினார்கள். புறவழிச்சாலை வந்த பிறகு அந்தப் பக்கம் போக்குவரத்து குறைவு. கல் வீடு. முன் அறை மட்டும் சாலையை எட்டிப் பார்ப்பது போல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதற்கு மூன்று பக்கமும் ஜன்னல். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாலையின் இரண்டு திசைகளையும் பார்க்கலாம்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினைந்து. பேருந்தில் போகும்போது கூரை சரிந்து கிடந்த அந்த வீட்டைப் பார்த்து, "அந்த ஜன்னல்ல உக்காந்து எழுதணும்" என்று நான் சொன்னேன். முதலில் சொன்னது நான். இதில் சந்தேகம் இல்லை. தேதிகூட இருக்கிறது.

எட்டு வருடம் கழித்து அக்கா ஒரு சர்வேயரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அத்தான் அந்த வீடு விலைக்கு வருவதைக் கண்டுபிடித்து வாங்கினார். கூரை மாற்றி, சுவர் பூசி, புதுக் குழாய் போட்டு வீடாக்க இரண்டு வருடம் ஆயிற்று. "ஜன்னல் ரூம் உனக்குத்தான்டி, வந்து எழுதிக்கோ" என்றாள் அக்கா. நான் மெத்தைக்குத் துணிகூடப் பார்த்து வைத்தேன். பிறகு அவள் உண்டானாள். எட்டாம் மாதம் போய்ப் பார்த்தபோது ஜன்னலை ஒட்டி ஒரு தொட்டில் நின்றது. பாப்பாவுக்கு வெளிச்சம் வேண்டுமாம். நான் துணி வாங்க நினைத்த அதே நீலத்தில் திரைச்சீலை.

ஆமாம்கா, அழகா இருக்கு என்றேன். வாய்தான் சொன்னது.

அன்று சாப்பிடும்போது அத்தான் சாவடி எப்படி நடந்தது என்று விளக்கினார். காவலுக்கு இருப்பவர் ஜன்னலில் உட்கார்ந்திருப்பாராம். மரத்தைத் தூக்கும் ஆள் வெளியே தாழ்வாரத்தின் கீழ் நிற்பானாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வண்டியைப் போகவிடலாம் என்றால் உள்ளே இருப்பவர் ஜன்னல் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். மரம் மேலே போகும்.

"உனக்கு அந்தக் காலத்துல கவர்மென்ட் வேலையே கெடைச்சிருக்கும், மரங்கொத்தி" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இனி அந்த வியாழக்கிழமை.

ஆசிரியைக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. ஆனால் ஒரு பயிற்சி தந்திருந்தார். ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பார்ப்பதை நேரத்தோடு குறிக்க வேண்டும். மனதில் தோன்றுவதை எழுதக்கூடாது. அக்காவும் அத்தானும் மலைப்பக்கம் இருக்கும் அத்தானின் அம்மா வீட்டுக்குக் காலையிலேயே போயிருந்தார்கள். மாலையில் பிளம்பர் வருவார், நீ வந்து இருந்துக்கோ என்று அக்கா சொல்லியிருந்தாள். பிளம்பர் ஆறரைக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்.

தொட்டிலைத் தள்ளி வைத்தேன். மெதுவாகத்தான். அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டேன்.

6.48க்கு அக்கா போனில் கூப்பிட்டாள்.

"தொட்டில நகத்தலியே?"

"இல்லக்கா."

"நகத்தியிருப்பே. எனக்குத் தெரியாதா உன்ன. சரி, எட்டு மணிக்குள்ள வந்துடுவோம்."

போனின் சத்தத்தை அணைத்தேன். தொட்டில் மெத்தையில் கவிழ்த்து வைத்தேன். வேண்டுமென்றே. இதை முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

நோட்டில் இருப்பது இது.

6.50. மழை. சாலை விளக்கு ஒன்றுதான் எரிகிறது.

6.57. பால் வேன். ஊரை நோக்கி.

7.04. சைக்கிள். மஞ்சள் மழைக்கோட்டு.

7.12. லாரி. நின்றது.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு தட்டு. மேஜை இல்லாததால் ஜன்னல் பலகையில் தட்டினேன். அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த லாரி ஏன் நின்றது என்று யோசித்தேன். வீட்டுக்கு நேர் முன்னால் நின்றது. யாரும் இறங்கவில்லை. நான் 'நின்றது' என்று எழுதினேன். தட்டினேன். மேலே, கூரை விளிம்புப் பக்கம், கனமான மரம் நெரிபடும் ஓசை. க்ர்ர்ர்ர்... லாரி கிளம்பிப் போயிற்று.

புதுக் கூரை, மழையில் மரம் ஊறிச் சத்தம் போடுகிறது என்று நினைத்தேன்.

7.19க்கு அந்த மஞ்சள் மழைக்கோட்டு திரும்பி வந்தது. அதே இடத்தில் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டில் காத்திருப்பவர்களைப் போல. கொட்டுகிற மழையில். எதிரே வெறும் சாலை.

எழுதினேன். தட்டினேன்.

க்ர்ர்ர்ர்...

சைக்கிள் போனது.

ஒரு முடிவுக்கு வரும் முன் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் தொழில் கற்றுத் தந்தது. 7.26க்கு ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பேர். எழுதினேன். தட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி. இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நனைந்துகொண்டு நின்றார்கள். தட்டினேன். போனார்கள்.

7.33க்கு ஒரு வேன். ஒரு நிமிடம் பத்து விநாடி நிறுத்தி வைத்தேன். பிறகு விட்டேன்.

எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏனென்றால் பயத்தை விட இன்னொன்று பெரிதாக இருந்தது. பிடித்திருந்தது. அந்த வீடு முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டது. அக்கா பேச்சை அல்ல, அத்தான் பேச்சை அல்ல. என் பேச்சை.

7.44. கார். மலைப்பக்கமிருந்து.

இடது விளக்கு மங்கலாக, மஞ்சளாக எரிந்தது. அது அத்தானின் கார். வீட்டுக்கு இருபதடி முன்னால் நின்றது.

இனி அவள் உள்ளே வருவாள். எல்லா விளக்குகளையும் போடுவாள். தொட்டிலைப் பார்த்து, 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்பாள். நாற்காலியை நகர்த்துவாள். நான் எழுந்து நிற்பேன். தொட்டில் திரும்ப ஜன்னலுக்குப் போகும்.

இன்னும் அஞ்சு நிமிஷம், என்று நினைத்தேன். அவள் வெளியே இருக்கட்டும். அஞ்சே நிமிஷம்.

நினைத்தேன். வாய் திறக்கவில்லை. இதில் சந்தேகம் இல்லை.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

7.46. கார் அப்படியே நின்றது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் இறங்கவில்லை. ஹார்ன் சத்தம் இல்லை. காருக்குள் விளக்கு எரிந்தது. அத்தானுக்குப் பக்கத்து இருக்கை காலி.

அக்கா எப்போதும் முன்னால்தான் உட்காருவாள்.

அவள் பின் இருக்கையில் சாய்ந்திருந்தாள். ஒரு கை கண்ணாடியில் விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் கண்ணாடியைப் பிறாண்டின.

எட்டாம் மாதம்.

அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. வீட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

பென்சிலை ஓங்கித் தட்டினேன்.

சத்தம் வரவில்லை.

பென்சில் பலகையில் படவில்லை. பலகைக்கு ஓர் அங்குலம் மேலே, மென்மையான எதிலோ பட்டது. கொஞ்சம் அமுங்கியது. குளிர்ந்திருந்தது. ஒரு புறங்கையின் மேல் தட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி.

பலகையில் எதுவும் இல்லை. பார்த்தேன். எதுவுமே இல்லை.

மறுபடி தட்டினேன். சத்தம் இல்லை.

இடது கை முட்டியால் தட்டினேன். அங்கேயும் அது இருந்தது.

இரண்டு கைகள். விரித்து வைத்த இரண்டு கைகள்.

அப்போது என் காதுக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில்...

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

ஒரு பெண் குரல். அதட்டவில்லை. கெஞ்சவில்லை. சந்தோஷமாகச் சொன்னது.

"விடு" என்றேன். "தட்ட விடு."

"அஞ்சே நிமிஷம்."

7.49. ஜன்னல் கொக்கி அசையவில்லை.

எழ முடியவில்லை. நாற்காலி பலகையோடு சேர்ந்து இறுகியிருந்தது.

7.50.

கண்ணாடியில் இருந்த அக்காவின் கை நழுவிக் கீழே போனது.

குனிந்தேன். நெற்றியால் பலகையில் இடித்தேன்.

டொக்.

மரம்.

மறுபடி இடித்தேன். மெத்தென்றது. குளிர்ந்த விரல்கள் என் புருவத்தில் பட்டன.

தலையைத் திருப்பி, பக்கவாட்டில், முழு பலத்தோடு...

டொக்.

க்ர்ர்ர்ர்ர்ர்ர்...

கார் சீறிக்கொண்டு போனது. 7.52.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். தொட்டில் மட்டும் இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தேன். இருபத்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் எப்படிப் போனேன் என்பது நோட்டில் இல்லை. 8.31க்குக் குழந்தை பிறந்தது. பெண். எடை குறைவு, ஆனால் அழுதது. தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று. இன்னும் கால் மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்ன சொல்வதென்று தெரியாது என்றார் டாக்டர். அத்தான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் பார்த்தவரை அவர் காரை விட்டு இறங்கவே இல்லை.

"ரோட்டுக்குக் குறுக்க மரம்" என்றார். அது விழுந்த மரம் இல்லையாம். செதுக்கி, வழவழப்பாக்கி, வர்ணம் அடித்த மரம். இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. இரண்டு பக்கமும் பள்ளம், சுற்றிப் போக வழி இல்லை. விடாமல் ஹார்ன் அடித்திருக்கிறார்.

"உனக்குக் கேக்கலையா?"

"இல்ல அத்தான்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். அங்கே ஐந்து தையல்.

மூன்றாம் நாள் அக்கா பேசினாள். குழந்தை அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஜன்னல்ல இருந்தே. எங்களையே பாத்துக்கிட்டிருந்தே."

"ஆமா."

"சிரிச்சே."

சிரித்தேனா என்று எனக்குத் தெரியாது. சந்தேகம். ஆனால் முதல் இரண்டு நிமிடம் தட்டாமல் இருந்தது நான்தான் என்று சொன்னேன். பிறகு தட்ட விடவில்லை என்றும் சொன்னேன். எட்டு நிமிடத்தில் இரண்டு என்னுடையது, ஆறு என்னுடையது அல்ல. கணக்குப் போட்டதைப் போலச் சொல்லிவிட்டு அழுதேன். தொட்டிலை நகர்த்தியதையும் சொன்னேன்.

அக்கா குழந்தையைத் தூக்கினாள்.

"புடி. தலைக்குக் கீழ கை குடு."

கொடுத்தேன்.

"தொட்டில நகத்தினது எனக்கு முன்னமே தெரியும்" என்றாள். "ஜன்னல் ரூம நீயே எடுத்துக்கடி. எனக்கு வேணாம்."

பதினோரு வருடமாக நான் ஆசைப்பட்டது. கிடைத்துவிட்டது. வேண்டாம் அக்கா என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கற்பனை, பயம், நெற்றி அடி என்று தள்ளியிருப்பேன். அடுத்த வாரம் வகுப்பில் நோட்டின் அந்தப் பக்கத்தை, நான் கேட்ட பேச்சையும் சேர்த்து, வாசித்தேன். ஆசிரியை பதிவைப் போட்டார். வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்ற இடம் வந்தது.

அந்தக் குரல்.

என் காதுக்குப் பின்னால் கேட்ட அதே குரல். அதே இழுப்பு. அதே மூச்சு.

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அத்தான் ஒரு நகல் கொண்டுவந்தார். வீட்டின் பழைய வரைபடம் தேடி ஆவண அறைக்குப் போனவருக்கு, அதே காகிதக் கட்டுக்குள் ஒரு விசாரணைத் தாள் கிடைத்திருக்கிறது. சாவடியை மூடிய வருடத்துத் தாள். காவலுக்கு நியமிக்கப்பட்டவனின் மைத்துனி, இருபத்து நான்கு வயது, அவனுக்குப் பதிலாக ஜன்னலில் இருந்திருக்கிறாள். மழை. மாலை நேரம். மலைப்பக்கமிருந்து வந்த ஒரு வண்டி வெகுநேரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வண்டியில் இருந்தது யார் என்பதற்கு ஒரே சொல்: மூத்தவள். கடைசியில் மரம் தூக்கப்பட்டு வண்டி போய்விட்டது. மூத்தவள் பிழைத்தாள். ஜன்னலில் இருந்தவள் நெற்றி உடைந்து கிடந்தாள். மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனாள்.

அதற்கு முன் அவள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் தானே தட்டாமல் இருந்ததாகவும், பிறகு யாரோ ஒருத்தி பின்னால் நின்று கையை வைத்துத் தடுத்ததாகவும். யார் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஒரே பதில். அந்தக் குரலை அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் காலத்தில் ஒருவர் தன் குரலை வெளியிலிருந்து கேட்க வழி ஏது?

அதற்குக் கீழே, வெளியே நின்று மரம் தூக்கியவனின் வாக்குமூலம். தட்டுச் சத்தத்துக்காகச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றானாம். உள்ளே இரண்டு பேர் பேசியது கேட்டதாம். ஒருத்தி தட்ட விடு என்று அழுதாள். இன்னொருத்தி இன்னும் அஞ்சு நிமிஷம் என்றாள்.

'இரண்டும் சின்னவள் குரல்தான், எஜமான்' என்று சொல்லியிருக்கிறான்.

விசாரித்த அதிகாரி அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்க முடியாது.